பீட்டா இல்லை, வீத்தா

காரைக்காலில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு அறுபத்திரண்டு.

குரு பெனிட்டா பல் மருத்துவர். அப்பாவுக்குக் கப்பல் கம்பெனி வேலை என்பதால் கிரேக்க நாட்டில் பிறந்து வளர்ந்தவள். சீடர் விருத்தகிரி ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மதியம் நோயாளிகள் வராத நேரத்தில் கிரேக்கப் பாடம் நடக்கும். கிளினிக்கில் வேறு இடமில்லாததால் சீடர் பல் பிடுங்கும் நாற்காலியில் கால் நீட்டிப் படுத்தபடி பயின்றார்.

"எழுத்தெல்லாம் எனக்குத் தெரியும் டாக்டரம்மா. ஆல்ஃபா, பீட்டா..." என்று முதல் நாளே ஆரம்பித்தார்.

"பீட்டா இல்ல சார், வீத்தா."

"காலமெல்லாம் பீட்டான்னுதானே சொல்லிக்கொடுத்தேன்?"

"அங்க வீத்தான்னாதான் புரியும். அதே மாதிரி மியூ இல்ல, மீ. பை இல்ல, பீ."

"பை கூடவா?"

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். உலகத்தில் உள்ள வட்டமெல்லாம் ஒரு சுற்று இளைத்துவிட்டதுபோல் இருந்தது.

எழுத்துகளை முத்து முத்தாக எழுதப் பழகினார். சொல்வதுதான் வரவில்லை.

"நாக்கு ஏன் சார் உள்ளே போய் ஒளியுது? பல்லுக்கு நடுவுல வெச்சு ஊதுங்க. தீத்தா."

ஊதினார். குருவின் கண்ணாடியில் எச்சில் தெறித்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவள் சிரித்துவிட்டாள்.

அன்றோடு வாயை மூடியவர்தான். வாய்ப்பாடு ஒப்பிக்கையில் உச்சரிப்பு தடுமாறிய பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றிய மனிதர் அவர்; குருவிடமே அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எழுதச் சொன்னால் எழுதுவார். சொல்லச் சொன்னால் தலையாட்டுவார்.

அவர் மகள் எழிலி கிரேக்கப் பையனைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். சம்பந்தி தனாசிஸுக்கு ஆப்பிள் தோட்டம். தாய்மொழி தவிர வேறு பாஷை தெரியாது; அவரோடு பேசத்தான் இந்தப் பாடமெல்லாம். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் காட்டிக் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார். விருத்தகிரி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனை மனைவியிடம் தள்ளிவிடுவார். மனைவி தமிழிலேயே பேசுவாள். சம்பந்தி கிரேக்கத்திலேயே பதில் சொல்வார். இருவருக்கும் பேச்சு ஓயாது.

போன வாரம் எழிலி சொன்னாள்: "கல்யாணத்துல உங்களுக்கு இன்னும் கோபம்னு மாமா நினைக்கிறாருப்பா. மாசியில நம்ம ஊருக்கு வர்றதா இருந்தார். பிடிக்காத வீட்டுக்கு எப்படி வர்றதுன்னு இப்ப வேண்டாங்கிறார்."

மறுநாளே விருத்தகிரி நாற்காலியில் ஏறிப் படுத்து, மகள் சொன்னதைக் குருவிடம் சொன்னார்.

"டாக்டரம்மா, பிழையில்லாம பேச எவ்வளவு நாளாகும்?"

குரு கையை நீட்டினாள். "போனைக் குடுங்க சார்."

சம்பந்தியை அழைத்துக் கிரேக்கத்தில் ஏதோ சொன்னாள். பிறகு சீடர் பக்கம் திரும்பினாள். "உங்க பொண்ணு அங்க சமைக்கிற ஐட்டம் ஒண்ணு அவருக்கு உயிராம். அது பேரைத் தமிழ்ல சொல்லச் சொன்னேன்."

திரையில் தனாசிஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கோலிக் குலம்பு!"

"ழ... ழ..." என்றார் விருத்தகிரி. வாத்தியார் புத்தி விடவில்லை. "நாக்கை மடிங்க சம்பந்தி! கோழி!"

தனாசிஸ் அவர் வாயை உற்றுப் பார்த்தார். மீசையைக் கோணிக்கொண்டு, ஒரு கண்ணையும் மூடிக்கொண்டு முயன்றார்.

"கோரிக் குரும்பு!"

"இல்ல, இல்ல! ழ!"

"கோய்யிக் குய்யம்பு!"

சம்பந்தியம்மாள் பின்னால் எங்கோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. தனாசிஸுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. விருத்தகிரி வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னா மனுஷன்யா!"

குரு போன் திரையைத் தன் வெள்ளைக் கோட்டில் சாய்த்து மறைத்துக்கொண்டாள்.

"பெஞ்சு மேல ஏத்திடலாமா சார்?"

"இவரையா? பக்கத்துல இருந்தா இந்நேரம் கட்டிப் பிடிச்சிருப்பேன்."

குரு போனை அவர் முகத்துக்கு நேரே திருப்பிப் பிடித்தாள்.

"இப்ப நீங்க தீத்தா சொல்லுங்க. அவரும் உங்களைக் கட்டிப் பிடிக்க வேண்டாமா சார்?"