தரையில் கிடந்த யவனக் கொடி

கடற்பாடி அரசர் நெடுங்கோவுக்கு எதுவும் நிமிர்ந்து நிற்க வேண்டும். சேவகன் கொஞ்சம் கூன் போட்டாலும் அன்றைக்கு அவனுக்குக் கஞ்சி கிடையாது. அப்பேர்ப்பட்டவருக்கு யவனத் தீவிலிருந்து வந்த வணிகன் ஒருவன் வெள்ளைத் திராட்சைக் கொடிகளைப் பரிசளித்துவிட்டுக் கப்பலேறினான்.

தோட்டக்காரன் பூதன் அவற்றைக் கடலோரத் தோட்டத்தில் நட்டான். அந்த யவனன் சொல்லிக்கொடுத்தபடியே கொடிகளை வளைத்து வளைத்துத் தரையிலேயே கூடை மாதிரி சுற்றிவிட்டான். மூன்றாம் வருஷம் கூடைகளுக்குள் குலைகள் பிடித்தன.

மந்திரி பெருந்தத்தன் பார்த்துவிட்டார். பூதனின் வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தர வேண்டுமென்று அவருக்கு வெகுநாள் ஆசை.

"அவரைக்குப் பந்தல், புடலைக்குப் பந்தல். அரசருக்கு வந்த பரிசுக்கு மட்டும் மண்தரையா?" என்று அரசரிடம் பற்றவைத்தார்.

அரசருக்கு முகம் சிவந்தது. "நாளை மாலைக்குள் கொடி பந்தலில் ஏற வேண்டும். இல்லையென்றால் பூதன் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போக வேண்டும்."

பூதன் அழாத குறையாக அரசவை விகடர் மாகீரனிடம் ஓடினான். "ஏத்தினா ஆடிக் காத்துல குலை பூரா உதிர்ந்துடும், ஐயா. அதுக்கும் என்னையத்தான் துரத்துவாங்க."

"நாலு பந்தக்கால் மட்டும் நட்டு வை. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார் மாகீரன்.

மறுநாள் அரசரிடம் போனார். "பந்தல் எவ்வளவு உயரம் என்று தாங்களே வந்து நின்று காட்டினால்தான் சரியாக இருக்கும், அரசே."

அரசருக்குப் பெருமை தாங்கவில்லை. குடையும் கிரீடமுமாகப் புறப்பட்டார். மந்திரியும் ஒட்டிக்கொண்டார்.

தோட்டத்தில் கால் வைத்ததும் ஆடிக் காற்றில் குடை பிய்த்துக்கொண்டு பறந்தது. குடைக்குப் பின்னால் மந்திரியின் தலைப்பாகை போனது. தலைப்பாகைக்குப் பின்னால் மந்திரி ஓடினார். கண்ணெல்லாம் மணல். அரசர் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு தரையில் சுருண்டு உட்கார்ந்துவிட்டார்.

மாகீரன் அவரெதிரே குந்தினார். "எழுந்து நில்லுங்கள், அரசே. அளவெடுக்க வேண்டும்."

"உமக்கென்ன பைத்தியமா? எழுந்தால் கிரீடம் போய்விடும்."

மாகீரன் பக்கத்திலிருந்த கொடியைக் காட்டினார். கூடைக்குள் ஒரு குலைகூட அசையவில்லை.

"இதுவும் மூன்று வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது, அரசே."

அரசர் சிரித்தார். வாயில் மணல் போனதையும் பொருட்படுத்தாமல் சிரித்தார். அந்த இடத்திலேயே தோட்டத்தைப் பூதனுக்கே கொடுத்துவிட்டார். மாகீரனுக்கு முதல் குலை. பூதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப இந்தப் பந்தக்காலைப் பிடுங்கிடட்டுங்களா, சாமி?" என்று கேட்டான்.

"இருக்கட்டும்" என்றார் அரசர். "மந்திரி திரும்பி வந்தால் பிடித்துக்கொண்டு நிற்க ஏதாவது வேண்டுமே."