செப்புத் தகட்டில் ஒரு ஊர்வலம்

கடலுக்கு அந்தப் பக்கம், பனி கொட்டுற ஒரு ஊர்ல ஒரு ராஜா. கேக்குறியா? ம்.

அவன் முடி சூட்டிக்கிட்ட அன்னிக்கு ஒரு ஊர்வலம் போச்சு பாரு, அப்படி ஒண்ணை யாரும் கண்டதே இல்ல. டம டம டம்னு நாப்பது முரசு. அப்புறம் வீட்டு உசரத்துக்கு ஒரு திமிங்கலத் தேர், புஸ்ஸ்ஸுனு தண்ணி பீச்சிக்கிட்டு. அப்புறம் தங்கச் சூரியன் வெச்ச தேர். கடைசியா வெள்ளைக் குதிரையில ராஜா, வலது கையில உருவின வாள்.

ஒரே நாள்தான். சாயங்காலம் எல்லாம் கலைஞ்சு போச்சு.

அப்போ ராஜா அன்னெட்டாவைக் கூப்பிட்டான். அவ செப்புத் தகட்டுல படம் போடுறவ. தகட்டுல மெழுகு பூசி, ஊசியால கீறி, திராவகத்துல போடுவா. சுர்ர்ர்னு கீறின இடத்தை மட்டும் அது அரிக்கும். அப்புறம் மை தடவி, காகிதத்தை வெச்சு அச்சுப்பொறியில அழுத்தினா படம்.

"அந்த ஊர்வலம் அப்படியே வேணும். தப்பு வந்துச்சுன்னா உன் அச்சுப்பொறியை உடைச்சுடுவேன்"னான் ராஜா. அந்தப் பொறிதான் அவளுக்குச் சோறு.

ஒரு மாசம் முரசு கீறினா. ஒரு மாசம் தேர். மூணாவது மாசம் ராஜா. அப்புறம் சபையில, எல்லார் முன்னாலயும் தகட்டுல இருந்து காகிதத்தை உரிச்சா. சர்ர்ர்...

ஐயோ!

தகட்டுல வலது பக்கம் கீறினது காகிதத்துல இடது பக்கமா விழும். எல்லாத்தையும் ஞாபகமா மாத்திப் போட்டவ, ராஜா மொகத்தைப் போட்ட மும்முரத்துல, வாள் பிடிச்ச கையை மட்டும் மாத்த மறந்துட்டா. படத்துல வாள் இடது கையில இருக்கு!

"அபசகுனம்!"னார் மந்திரி.

"பீச்சாங்கை ராஜாவா?"னு சிரிச்சார் சேனாதிபதி.

"கோடாலி எங்கடா? உடைங்க அந்தப் பொறியை!"னு கத்தினார் ராஜாவோட பழைய வாத்தியார்.

ராஜா படத்தையே பார்த்தான். அப்புறம் தன் இடது மணிக்கட்டைத் தடவினான். அங்க ஒரு தழும்பு, கயிறு அறுத்த தழும்பு.

"வாத்தியாரே, இந்தக் கையால எழுதுறேன்னு நாற்காலியோட கட்டிப் போட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

வாத்தியார் தலை குனிஞ்சுது.

"நான் இடதுகைக்காரன்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"னு அன்னெட்டாவைக் கேட்டான் ராஜா.

"எனக்குத் தெரியாது மகாராஜா. கை தப்பிப் போச்சு"ன்னா அன்னெட்டா. பொய் சொல்லியிருக்கலாம். சொல்லல.

ராஜா எழுந்தான். சரக்குனு வாளை உருவினான். இடது கையால. வெயில் பட்டு அது மின்னுச்சு. முரசு இல்ல, தேர் இல்ல. ஆனாலும் சபை மொத்தமும் மண்டி போட்டுது.

"இன்னும் நூறு படம் போடும்மா"ன்னான்.

ம்? தூக்கம் வந்துடுச்சா? டீச்சர் ஸ்கேலால தட்டினாங்களே, அந்தக் கையை இப்படிக் குடு. என் கைக்குள்ள இருக்கட்டும். ராஜாவும் படுத்துட்டான், கதையும் படுத்துடுச்சு. நீயும் தூங்கு.