கண்ணில்லாத முள்ளங்கியும் கோதண்டராயர் குடுமியும்

முன்னொரு காலத்தில் கொண்டல்நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். மகுடம் பெயரில்தான் நின்றது. தலையில் வழுக்கிக்கொண்டே இருந்தது. பிடித்து நிறுத்த ஒரு முடியாவது வேண்டாமா?

"நாற்பத்தெட்டு நாள் வேரைத் தின்னாதே, முடி வேரூன்றும்" என்று ஒரு சாமியார் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். ராஜாவும் சபதம் எடுத்துவிட்டான். தலைவலி யாருக்கு? சமையல்காரி செங்கமலத்துக்கு!

இதில் கோதண்டராயர் வேறு. இடுப்புவரை தொங்கும் குடுமியும், தோட்டப் பெருமையும் உள்ள மந்திரி. செங்கமலத்தை ராஜா புகழ்ந்தால் அவருக்கு வயிறு எரியும். போட்டிக்குத் தன் தோட்டத்து முள்ளங்கியில் பச்சடி செய்து தினமும் கொண்டுவந்து ராஜாவுக்கு ஊட்டாத குறையாகக் கொடுப்பார். "ஐயா, அது..." என்று அவள் ஆரம்பித்தாலே, "வாயை அடுப்பங்கரையோடு வைத்துக்கொள்!" என்பார்.

இருபதாம் நாள், செங்கமலத்தையும் இழுத்துக்கொண்டு, ராஜா தின்று மீதி வைத்த அவளுடைய வறுவல் தட்டோடு ராயர் சபைக்குள் பாய்ந்தார்.

"மோசம் போனோம் மகாராஜா! இது சேனைக்கிழங்கு! கிழங்கென்றால் வேர்தானே? பிறகு முடி எப்படி முளைக்கும்?"

மிச்சமிருந்த துண்டையும் வாயில் போட்டுக்கொண்டுதான் ராஜா கோபப்பட்டான். "செங்கமலம், பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டு ஓடு!"

பதினைந்து வருஷம் வடித்துக் கொட்டியதற்கு இதுதான் மரியாதையா? செங்கமலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஓடுகிறேன் மகாராஜா. ஆனால் சேனை தண்டு. மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் தண்டு."

"தண்டா? நிரூபித்தால் என் குடுமியைச் சிரைத்துத் தருகிறேன், அடியே!"

"கரும்பு வேரா, தண்டா ஐயா?"

"தண்டு. இதுகூடத் தெரியாதா?"

"எப்படி நடுவீர்கள்?"

தோட்டப் பேச்சு என்றதும் ராயருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "கண் பார்த்து வெட்டி நடுவோம். கண்ணிலிருந்துதான் முளை வரும்."

"வேருக்குக் கணுவும் கண்ணும் உண்டா?"

"ஏது? மீசை மாதிரி இழைதான் தொங்கும்."

செங்கமலம் மடியிலிருந்து ஒரு சேனையை எடுத்து ராஜா முன் வைத்தாள். உச்சியில் இளஞ்சிவப்பாய் ஒரு முளை விட்டிருந்தது. "பாருங்கள் மகாராஜா, கண். கரும்புபோல இதையும் கண்ணோடு துண்டு போட்டுத்தானே நடுகிறார்கள்?"

ராஜா தடவிப் பார்த்து, "அட, ஆமாம்!" என்றான்.

"ராயரே, உங்கள் முள்ளங்கியையும் அப்படித் துண்டு போட்டு நடலாமே?"

"மடச்சி! துண்டு அழுகிப்போகும். அதில் கண் எங்கே இருக்கிறது? மீசை இழைதான்..."

சொல்லும்போதே புரிந்துவிட, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

 அந்த நேரம் பார்த்து ராஜா ஓர் ஏப்பம் விட்டான். சாட்சாத் முள்ளங்கி ஏப்பம்.

"யோவ்! இருபது நாளும் எனக்கு வேரை ஊட்டியது நீர்தானா?"

"அதன் பெயரில் கிழங்கு இல்லையே மகாராஜா..."

"சேனைக்குக்கூடக் கண் இருக்கிறது, உமக்கு இல்லாமல் போயிற்றே! கூப்பிடுங்கள் நாவிதரை!"

குடுமி ஒரே இழுப்பில் இறங்கியது. அதையே ராஜாவுக்கு டோப்பாவாகக் கட்டினார்கள். மகுடம் முதல்முறையாக அசையாமல் உட்கார்ந்தது. பூரித்துப்போன ராஜா, அரண்மனைத் தோட்டத்தைச் செங்கமலத்திடம் ஒப்படைத்தான்.

வேரே இல்லாத முடி அது, இனி வேரைத் தின்றாலும் பங்கமில்லை. பெயரைப் பார்த்துக் காயை எடைபோடுகிறவர்களே, நறுக்குகிறவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசுங்கள். குடுமியாவது மிஞ்சும்.