வேலியையே பார்த்த காடு

ஒரு காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் குட்டி இறந்தாலும் விலங்குகள் எல்லாம் எல்லையில் இருந்த முள்வேலிக்கு ஓடும். ஆளுக்கு ஒரு கொத்து இலந்தை முள்ளை இழுத்து வந்து வேலியின் மேல் போடும். "கழுதைப்புலிதான் வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கலைந்துபோகும். அதன் பிறகு அந்தக் குட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்தக் காட்டுக்குத் தலைவன் காட்டெருமை. அதற்கு வலிமை உண்டு, சந்தேகம் கிடையாது. வேலிக்குக் காவல் ஆட்காட்டிக் குருவி. வெளியாள் யார் வந்தாலும் கத்திக் காட்டிக்கொடுப்பது அதன் வேலை.

ஒரு பனிக்காலத்தில் இளம் மான் ஒன்று நீர்த்துறையில் இறந்து கிடந்தது. கொம்பு முளைத்த வயது. விலாவில் இரண்டு துளைகள்.

"கழுதைப்புலி" என்றது காட்டெருமை.

"அண்ணே, கழுதைப்புலிக்குக் கொம்பு உண்டா?" என்று கேட்டது ஆட்காட்டி.

"கோபம் வந்தால் முளைக்கும். நீ வேலியைப் பார்."

அங்கே நின்ற மற்ற இளம் ஆண்மான்கள் தலை குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தன.

கோடையில் தாய் மந்தி ஒன்றின் பால்குடிக் குட்டி உச்சிக் கிளையில் இறந்தது. பழைய தலைவனைத் துரத்திவிட்டு ஒரு கடுவன் குரங்கு அந்தக் கூட்டத்தைப் பிடித்திருந்த சமயம் அது. தனக்குப் பிறக்காத குட்டிகளைக் கண்டால் அந்தக் கடுவனுக்கு ஆகாது.

"கழுதைப்புலி மரம் ஏறுமா, அண்ணே?"

"பசி வந்தால் பனைமரமே ஏறும். உனக்கு வாய் நீளம்."

கொன்றது யார் என்று தாய் மந்திக்குத் தெரியும். நாளைக்கும் அந்தக் கடுவனோடுதானே வாழ வேண்டும்? அதுவும் ஒரு கொத்து முள்ளைக் கொண்டுபோய் வேலியில் போட்டது.

வேலி உயர்ந்தது. "இனிப் பயமில்லை" என்றது காட்டெருமை.

மழைக்காலம் வந்தது. காட்டுப்பன்றி ஒன்று புல்லைக் குவித்துக் கூடு கட்டி, அதில் குட்டிகளை ஈன்றது. அதன் கூட்டமோ கிழங்கு தேடி மலைக்கு அப்பால் போய்விட்டது. குட்டிகளை விட்டு அதனால் நகர முடியவில்லை. கூடு ஒழுகியது. குட்டிகள் ஓயாமல் கத்தின. தூக்கம் போயிற்று; பாலும் வற்றிவிட்டது. அந்தப் பக்கமாகப் போன விலங்குகள், "குட்டி போட்டிருக்கிறாள், புண்ணியவதி" என்று சொல்லிவிட்டுப் போயின.

மழை ஓய்ந்த ஒரு காலையில், வேலியின் மேல் இருந்த ஆட்காட்டியின் காதில் பன்றியின் குரல் விழுந்தது.

"அழாதீர்கள், கண்ணுகளா. பசித்துப் பசித்துச் சாக வேண்டாம். அம்மா உங்கள் மேல் படுத்துக்கொள்கிறேன். கொஞ்ச நேரந்தான். அப்புறம் யாருக்கும் பசிக்காது."

ஆட்காட்டி சிறகடித்துக் கத்தியது. காடே எழுந்தது. எழுந்து, வேலிக்கு ஓடியது! பன்றியின் கூட்டைத் தாண்டித்தான் எல்லாம் ஓடின. காட்டெருமை கொம்பு நிறைய முள்ளோடு வந்து நின்றது.

"எங்கே அவன்?"

வேலிக்கு அப்பால், பாறையின் மேல் கழுதைப்புலி வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"இங்கேதான் இருக்கிறேன், மாமா. பாருங்கள், நாலு காலும் இங்கே. உங்கள் முதுகுக்குப் பின்னால் குட்டிகள் கதறுகின்றனவே, அங்கே வந்திருப்பது எந்தக் கழுதைப்புலி?"

"உள்ளே, அண்ணே! உள்ளே பாருங்கள்!" என்று அலறியது ஆட்காட்டி.

காட்டெருமைக்குத் திரும்பிப் பார்த்துப் பழக்கமில்லை. தாய் மந்திதான் முதலில் திரும்பியது. முள்ளைக் கீழே போட்டுவிட்டு ஓடியது. பன்றியின் பெரிய உடம்பைத் தன் மெலிந்த கைகளால் தள்ளிப் பார்த்தது. அது அசையவில்லை.

"எழுந்திரு, அக்கா. என்னிடம் கொடு. நான் வைத்துக்கொள்கிறேன். என் மடி காலியாகத்தான் இருக்கிறது."

பன்றி மெல்ல எழுந்தது. அடியிலிருந்து நான்கு குட்டிகள் மூச்சுத் திணறி வெளியே வந்தன. ஒன்று வரவில்லை.

"நீ ஒரு தாயா?" என்று சீறியது காட்டெருமை.

"முதலில் கிழங்கு கொண்டு வாருங்கள். கோபம் எங்கேயும் போய்விடாது" என்றது மந்தி. பிறகு பன்றியின் பக்கம் திரும்பி, "இவ்வளவு தவித்தாயே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, அக்கா?" என்றது.

பன்றி அசையாத குட்டியை முகர்ந்துகொண்டே இருந்தது.

"யாரும் கேட்கவில்லையே" என்றது.

காட்டெருமை கொம்பில் சிக்கிய முள்ளோடு கிழங்கு தோண்டப் போனது.

பறவைக்கு இரு பக்கமும் கண். ஆட்காட்டி அன்று முதல் ஒரு கண்ணை வேலிக்கு வெளியேயும் மற்றொரு கண்ணை உள்ளேயும் வைத்தது. சில நாட்களில் உச்சிக் கிளையில் கடுவன் வேறொரு குட்டியின் பக்கம் கையை நீட்டியது. ஆட்காட்டி கத்தியது.

இந்தத் தடவை காடு மரத்தடிக்கு ஓடியது. கடுவன் கையை இழுத்துக்கொண்டது.

நீதி: வேலிக்கு வெளியே பகையைத் தேடுமுன், வேலிக்குள் தவிப்பவரைக் கேளுங்கள்.