ஒன்பது ஒச்சப்பன்கள்

ஒரு பரிசுக்கு மூன்று பேர் அடித்துக்கொண்ட கதை உங்களுக்கு ஆயிரம் தெரியும். இது வேறு. இங்கே பரிசை வாங்க வெட்கப்படுகிறவர்கள் இரண்டு பேர், தன் தப்பைச் சொல்ல வெட்கப்படுகிறவன் ஒருவன். பொறுமையாகக் கேளுங்கள், கடைசியில் உங்களிடம்தான் கேட்பேன்.

கோவையில் ஒரு கம்பெனி ஆன்லைனில் பேஸ்பால் விளையாட்டு நடத்துகிறது. மட்டையும் கிடையாது, மைதானமும் கிடையாது. ஒவ்வொரு கார்டிலும் ஓர் ஆட்டக்காரன். அடி, ஓட்டம், எறி என்று அவனுக்கு மதிப்பெண். ஒன்பது கார்டு எடுத்து அணி சேர்த்தால் கம்ப்யூட்டர் ஆடிக் காட்டும். ஆளை ஓட விடுவதா, நிறுத்தி வைப்பதா என்பது மட்டும் நம் கையில். இதற்கெல்லாம் பைத்தியமாய் அலைகிற கூட்டம் நம்மூரில் உண்டா என்று கேட்காதீர்கள். உண்டு.

மதிப்பெண் போடுகிறவன் எழிலன். ஓங்கிய கார்டைத் தட்டி, ஒடுங்கிய கார்டைத் தூக்கி, எல்லாவற்றையும் சமமாக வைப்பது அவன் வேலை. ஒச்சப்பன் என்ற கார்டை ஒருவரும் சீண்டுவதில்லை. அடிக்க வராது, ஓடினால் மூச்சிரைக்கும். பாவம் பார்த்து அவனுடைய எறியை எழிலன் ஏகத்துக்கு ஏற்றிவிட்டான். அணியில் ஒருவனாக வைத்துச் சோதித்தான். ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் ஒரே கார்டை எத்தனை தரம் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது விதி. சாம்பாருக்கு உப்புப் பார்த்தவன், உப்பையே சாம்பாராக வைக்கிற ஆள் வருவார் என்று நினைக்கவில்லை.

வந்தார் ராயப்பன். தூத்துக்குடி ஐஸ் கம்பெனியில் மேலாளர். ஒன்பது இடத்துக்கும் ஒச்சப்பனையே எடுத்தார். எதிரணி ஆள் அடித்துவிட்டு அடுத்த முனைக்கு ஓடிச் சேர்வதற்குள் ஒச்சப்பன் எறிந்த பந்து அங்கே போய்ச் சேர்ந்துவிடும், ஆள் அவுட். தட்டுத் தடுமாறி ஒரு ரன் தேறினால் ராயப்பனுக்கு வெற்றி. இப்படியே வருடாந்திரப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார். ஜெயித்தவரின் முகத்தையும் பேரையும் போட்டு ஒரு புதுக் கார்டு வெளியிடுவார்கள், அதுதான் பரிசு. கல்லூரிக் காலம் முழுக்க ஆட விடாமல் தண்ணீர் பாட்டில் தூக்க வைக்கப்பட்ட மனிதர் அவர். ஆட்டக்காரன் என்று தன் பேர் ஓரிடத்திலாவது இருக்க வேண்டும் என்று கிடந்து தவித்தார்.

பார்த்தவர்கள் சும்மா விடுவார்களா? "ஒம்பது பேருக்கும் ஒரே மூஞ்சி, பெத்தவளே குழம்பிடுவா" என்று எழுதிச் சிரித்தார்கள். மனைவி பிலோமினாவும் காபியை வைத்துவிட்டு, "ஏங்க, ஆடுறது நீங்களா, அந்த ஒச்சப்பனா?" என்று கேட்டார். ராயப்பனுக்குக் காது மடல் சுட்டது. அணியை மட்டும் மாற்றவில்லை.

எதிரே ஆட வேண்டியவள் தென்காசி செண்பகம், பிசியோதெரபிஸ்ட். ஒன்பது கார்டையும் ஒன்பது விதமாகத் தேடித் தேடிச் சேர்த்தவள். அவள் எழிலனுக்கு எழுதினாள். "சார், ஒச்சப்பன் கார்டு தப்பு. எல்லாருக்கும் சொல்லிட்டுக் குறைங்க. முடியாதுன்னா போட்டியைத் தள்ளி வைங்க."

போட்டி முடியும்வரை எந்தக் கார்டையும் தொடமாட்டோம் என்பது கம்பெனி கொடுத்த வாக்கு. அதை மீற வேண்டுமானால், தவறு என்னுடையது என்று எழிலன் ஊரறியச் சொல்ல வேண்டும். அவனுக்கு நாக்கு எழவில்லை. ஆட்டத்துக்குச் சற்று முன்னால், ஒருவருக்கும் சொல்லாமல் ஒச்சப்பனின் எறியைக் குறைத்துவிட்டான்.

ஒச்சப்பன் எறிந்த முதல் பந்து பாதி வழியிலேயே விழுந்து உருண்டது. செண்பகத்துக்குப் புரிந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லித் திரையில் ஒரு பொத்தான் இருந்தது. அதன் மேல் விரலைக் கொண்டுபோனாள், எடுத்துவிட்டாள். தன் ஆட்களை ஓட விட்டாள். ஒன்பது ஒச்சப்பன்களும் பார்த்துக்கொண்டு நிற்க, அவள் ஜெயித்தாள்.

மறுநாள் ராயப்பன் போன் செய்தார். "தம்பி, அந்தக் கார்டுல கை வச்சீங்களா?"

"வச்சேன் சார்" என்றான் எழிலன்.

அந்த போனோடு விஷயம் வெளியே வந்தது. செண்பகம் கம்பெனிக்குச் சொன்னாள்: "எனக்கு வேண்டாம் சார். முதல் பந்துலயே தெரிஞ்சிருச்சு. தெரிஞ்சும் ஓட விட்டேன். நினைச்சாலே கூசுது." சரி, ராயப்பனுக்குக் கொடுப்போம் என்றால் அவரும் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒம்பது ஒச்சப்பனுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு ஆடுன மாதிரி இருக்கு எனக்கு. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வாங்க?"

விதி விட்ட ஓட்டையில் நுழைந்தவர் ராயப்பன். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டவள் செண்பகம். எழிலனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நீங்களே தீர்த்து வையுங்கள்: இதில் உண்மையாகவே வெட்கப்பட வேண்டியவர் யார்? அந்தக் கார்டில் யார் முகம் வர வேண்டும்?

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கார்டு ராயப்பனுடையது. கடையில் விரித்து வைத்ததை விலை கொடுத்து எடுத்தவன் திருடன் ஆகமாட்டான். செண்பகத்தை முழுசாக விடமாட்டேன். ஆனால் தன்னைத் தானே காட்டிக்கொடுத்தாளே, அதில் பாதி கழிந்தது. வெட்கக்கேடு எழிலனுக்குத்தான், அதுவும் கார்டைக் கெடுத்ததற்காக அல்ல. கை தவறுவது யாருக்கும் வரும். அந்தச் சின்ன வெட்கத்தைத் தான் சுமக்க மனசில்லாமல், கார்டு கெட்டதில் பங்கே இல்லாத இரண்டு பேர் தலையில் இறக்கிவைத்தான் பாருங்கள், அதைத்தான் நான் மன்னிக்கமாட்டேன். ராயப்பன் வேண்டாமென்றும் கேளாமல் கம்பெனியும் கார்டை அவருக்கே அறிவித்தது. அடி, ஓட்டம், எறிக்கெல்லாம் எவ்வளவு போடட்டும் என்று எழிலனே போன் செய்து கேட்டானாம். "எனக்கு உள்ளதைப் போடுங்க தம்பி, போதும்" என்றாராம் ராயப்பன்.