ஏரியைப் பங்கு போட்ட மீன்கொத்தி

ஆலங்காட்டில் கூர்மூக்கு என்று ஒரு மீன்கொத்தி இருந்தது. யோசனை சொல்வதுதான் அதன் தொழில். எந்தக் கூட்டத்தில் வேலை சரியாக நடக்கவில்லையோ, அங்கே போகும். ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கும். மறுநாள் காலையில் யோசனையைச் சொல்லிவிட்டு, கூலியோடு பறந்துவிடும்.

ஒருமுறை எறும்புகளிடம், "வரிசையாகப் போங்க!" என்றது. எறும்புகள் என்றைக்கும் வரிசையாகத்தான் போகின்றன. ஆனாலும் அதையே இவ்வளவு மிடுக்காக ஒருவர் வந்து சொன்னதில் அவற்றுக்கு ஏக சந்தோஷம். கூர்மூக்கின் பெயர் காடெங்கும் பரவியது.

தை மாதத்தில் ஏரிக் கூழைக்கடாக்கள் அதை அழைத்தன. மரமெல்லாம் கூடுகள். கூடெல்லாம் குஞ்சுகள். அவற்றின் பசிக்கு மீன் போதவில்லை.

கூர்மூக்கு கிளையில் அமர்ந்து பார்த்தது. கூழைக்கடாக்கள் அரைவட்டமாகச் சேர்ந்து நீந்தின. இறக்கையால் தண்ணீரை அடித்து மீனைக் கரைப்பக்கம் விரட்டின. பிறகு எல்லாம் ஒன்றாக அலகை முக்கி, அதன் அடியில் தொங்கும் பையில் அள்ளின.

"இது என்ன கூத்து! ஒரு மீனுக்கு இத்தனை பேரா?" என்றது கூர்மூக்கு. "நான் தனியாத்தான் பிடிக்கிறேன். என்னிக்காவது பட்டினி கிடந்திருக்கேனா? ஏரியைப் பங்கு போடுங்க! அவங்கவங்க பிடிச்சது அவங்கவங்களுக்கு. அப்பத்தான் சுறுசுறுப்பு வரும்!"

இளம் கூழைக்கடாக்களுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. தலைவி பெரும்பை மட்டும் கொஞ்சம் யோசித்தது.

"சரிங்க. ஆனா கூலி, குஞ்சுங்க பறந்த பிறகுதான். அதுவரைக்கும் நீங்க எங்ககூடவே இருக்கணும்!"

"அவ்வளவுதானே? இருந்துட்டாப் போச்சு!" என்றது கூர்மூக்கு. இதுவரை எங்கேயும் அது அப்படித் தங்கியதில்லை. மாட்டேன் என்றால் மரியாதை போய்விடுமே!

ஏரி பங்கானது. கூழைக்கடாக்கள் தனித்தனியாக மீனைத் துரத்தின. மீன்கள் ஒரு பங்கிலிருந்து அடுத்த பங்குக்கு நழுவின. "அது என் எல்லை!" என்று ஒன்று கத்தியது. "மீன் என்ன எல்லை பார்த்தா வருது?" என்று இன்னொன்று சீறியது. சண்டை மூண்டது. சாயங்காலம் எல்லாக் கூழைக்கடாக்களும் காலிப் பையோடு கூடு திரும்பின.

"யோசனை நல்ல யோசனை! நீங்க செய்யற விதம்தான் சரியில்லை!" என்றது கூர்மூக்கு. எல்லையைக் கண்காணிக்க ஒரு நீர்க்காகத்தை நியமித்தது. நீர்க்காகம் நன்றாகவே கண்காணித்தது. எல்லோருடைய பங்கிலும் முங்கி, இருந்த மீனையும் தின்றுவிட்டது.

நாட்கள் போயின. பெரும்பையின் கடைசிக் குஞ்சு தலையைக்கூடத் தூக்க முடியாமல் கிடந்தது. வேறு சமயமாக இருந்தால் கூர்மூக்கு இந்நேரம் இரண்டு காடு தாண்டியிருக்கும். இப்போதோ அடுத்த கிளையில் இருந்தது. குஞ்சின் அழுகை கேட்டது. இறக்கைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. அப்போதும் கேட்டது.

பொறுக்க முடியாமல் பறந்துபோய் ஒரு மீனைப் பிடித்துவந்து ஊட்டியது. குஞ்சு விழுங்கிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தது. கூர்மூக்கு மறுபடியும் பாய்ந்தது. இறக்கை வலிக்கும்வரை பாய்ந்தும் அந்த ஒரு வயிறு நிறையவில்லை.

'என் வயிறு சின்ன வயிறு. தனியாப் பிடிச்சா போதும். அதை வெச்சு இவ்வளவு பெரிய குடும்பங்களுக்கு அளவு எடுத்துட்டேனே!' என்று அதற்கு வெட்கமாக இருந்தது. வேதனையாகவும் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஏரிக்கு மேலே போய் அந்தரத்தில் இறக்கையடித்து நின்றது. ஏரி முழுவதையும் கண்ணால் துழாவியது. தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்ததால், மீன்கள் கிழக்கே கோரைப்புல் பக்கம் ஒதுங்கிவிட்டன. நீந்துகிறவர்களுக்கு அது தெரியவில்லை. பங்கு போடுவதற்கு முன்னாலும் பழைய இடத்திலேயேதான் வட்டம் கட்டியிருக்கிறார்கள்!

கூர்மூக்கு நேராகப் பெரும்பையிடம் போனது. "அம்மா, தப்பு என்னோடது. பழையபடி சேர்ந்தே போங்க. இடத்தை மட்டும் மாத்துங்க. நான் மேலே நின்னு காட்டுறேன்!"

"மறுபடியும் யோசனையா!" என்று இளசுகள் எரிந்து விழுந்தன.

"தப்புன்னு ஒத்துக்கிட்ட வாய் சொல்லுது. கேட்கலாம், வாங்க!" என்றது பெரும்பை.

கூர்மூக்கு மேலே நின்று குரல் கொடுத்தது. கீழே அரைவட்டம் கோரையை நோக்கி நகர்ந்தது. ஒரே அள்ளு! எல்லாப் பைகளும் நிறைந்தன. கடைசிக் குஞ்சு வயிறு முட்டத் தின்றுவிட்டு, வெயிலில் சுகமாகத் தூங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே கூர்மூக்கும் நிம்மதியாகக் கண்ணயர்ந்தது.

மாசியில் குஞ்சுகளெல்லாம் பறந்தன. அப்போது ஆற்று நீர்நாய் ஒன்று வந்து, "எங்களுக்கும் ஒரு யோசனை சொல்லணுமே! சட்டுனு சொல்லிட்டுப் போயிடலாம்" என்றது.

"சட்டுனெல்லாம் முடியாதுங்க. தங்க ஒரு கிளை கொடுத்தா வர்றேன்" என்றது கூர்மூக்கு. "உங்க குட்டிங்க சாப்பிடறதை முதல்ல பார்க்கணும்!"

பிறருக்கு யோசனை சொல்பவர், அதனால் வரும் நன்மை தீமைகளைக் கூடவே இருந்து ஏற்றுக்கொள்ளவும் தயாராக இருக்க வேண்டும்.