மூச்சுக்கு எத்தனை படி?

முன்னொரு காலத்தில் பூவனூர் என்ற கடலோர நாட்டை மணிமகுடவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஓர் ஆணை போடுவான், சாயங்காலம் அதை மறந்துபோவான். மற்றபடி நல்லவன்தான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். தேர்த் திருவிழாவில் சங்கு ஊதுகிறவன் ராஜாவுக்கும் முன்னால் நடப்பான். சங்கூதி மாசிலான், இளவயதில் கடலில் மூழ்கிச் சங்கு எடுத்தவன். ஆள் ஈர்க்குச்சி. அவனுக்குப் பின்னால் நடக்க, மலைபோல் மார்புகொண்ட சேனாபதி வல்லபராயருக்கு வயிறு எரிந்தது.

"மகாராஜா, இந்த நோஞ்சானுக்கு மூச்சு ஏது? கயிறு போட்டு என் மார்பை அளந்து பாருங்கள். சங்கை என்னிடம் கொடுங்கள்!"

"அதுவும் சரிதான். மாசிலா, நாளையிலிருந்து நீ வரவேண்டாம்!"

 சங்கூதிக் கிடைக்கும் கோயில் சோற்றை நம்பி மாசிலான் வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். 'ஈசுவரா, நீதான் துணை' என்று மனசுக்குள் கும்பிட்டான்.

மந்திரி குணசீலர் எழுந்தார். "மகாராஜா, கயிறு குதிரின் சுற்றளவைத்தான் சொல்லும். உள்ளிருந்து எவ்வளவு நெல் வரும் என்று சொல்லுமா? மூச்சைப் படியால் அளப்போம்."

"மூச்சைப் படியாலா? அளக்காவிட்டால் தேருக்கு முன்னால் உம்மைத் தவளைபோல் தத்த வைப்பேன்!"

"ஆகட்டும்."

அண்டா நிறையத் தண்ணீர் வந்தது. மந்திரி ஒரு பானையில் தண்ணீரை ரொப்பி, வாயைப் பொத்தி, அண்டாவுக்குள் கவிழ்த்தார். பூசணி இலைத் தண்டை வளைத்துப் பானையின் வாய்க்குள் செருகினார். "இதில் ஊதினால் மூச்சு பானைக்குள் ஏறும், அந்த அளவு தண்ணீர் வெளியேறும். பிறகு வாயைப் பொத்தியே பானையை எடுத்து நிமிர்த்தி, குறைந்ததைப் படியால் ஊற்றி நிரப்பினால் கணக்குத் தெரிந்துவிடும்."

"நன்றாக இழுத்துக்கொண்டு ஊதும், சேனாபதி" என்றார் மந்திரி.

"இழுப்பதா? எனக்குக் கைவசமே நெஞ்சு கொள்ளாத மூச்சு! நான் தும்மினால் கோட்டை இடியும்" என்று மூச்சு தீரப் பெருமை பேசிவிட்டு ஊதினார். ஒரு படி! சபை கொல்லென்று சிரித்தது. மறுபடி இழுத்து ஊதினார். காலையில் தின்ற இருபது இட்லி இடத்தை அடைத்துக்கொண்டதோ என்னவோ, இரண்டரைப் படிதான்.

மாசிலான் கண்ணை மூடினான். உள்ளிருப்பதை விட்டான். பிறகு அடிவயிறுவரை இழுத்து ஊதினான், ஊதினான், குமிழி வந்துகொண்டே இருந்தது. நான்கு படி!

"உள்ளே எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது! சபை மரியாதைக்காக விட்டுவைத்தேன்!" என்று கத்தினார் வல்லபராயர்.

"அப்படியென்றால் எடும் அதை!" என்றான் ராஜா.

முக்கினார், முகம் கத்திரிக்காய் ஆயிற்று. ஒரு குமிழி இல்லை.

"தள்ளும், நான் எடுக்கிறேன்!" ராஜாவே தண்டைப் பிடுங்கிக் கடைசிவரை ஊதினான். கண் பிதுங்கிற்று, கிரீடம் அண்டாவுக்குள் தொப்பென்று விழுந்தது. குமிழி நின்றுபோயிற்று.

"என்ன ஓய் மந்திரி, என் உடம்பிலேயே என் ஆணைக்கு மசியாத ஒரு பங்கா?"

"எல்லோருக்கும் உண்டு, மகாராஜா. எத்தனை ஊதினாலும் வெளியே வராது. அது சாமி வைத்த பங்கு. கடைசி நாளில் அதை வெளியே கூப்பிடுகிறவரும் அவர்தான்."

ராஜா தண்டைச் சட்டென்று கீழே போட்டான். "மெதுவாகவே கூப்பிடட்டும்! மாசிலா, சங்கு உன்னுடையது. சேனாபதி, நீர் அவனுக்குக் குடை பிடியும்."

தேரன்று மாசிலான் ஒரே மூச்சில் ஊதிக்கொண்டே கோயில் வாசலிலிருந்து வீதி முனைவரை நடந்தான். பக்கத்தில் குடையோடு நடந்த வல்லபராயர், அதற்குள் ஏழு தடவை மூச்சு வாங்கிவிட்டார்.